முன் ஸ்ட்ரட்: தூக்கி எறிவதா, பிரித்துச் சரி செய்வதா?

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



செயலாளர் என்னைப் பேச அழைத்தபோது, "சார், சஸ்பென்ஷன் பற்றிப் பேசுங்கள்" என்றார். நான் 36 வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். எங்கள் ஊரில் சஸ்பென்ஷன் என்றால் அர்த்தமே வேறு. அந்த வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். நல்லவேளையாக, நான் பார்த்த ஒரே சஸ்பென்ஷன் என் காருக்கு அடியில் இருப்பதுதான்.

நான் பி.காம். படித்தவன், இன்ஜினீயர் இல்லை. ஆனால் ஒரு பில்லில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று கேட்கும் பழக்கம் வேலையில் வந்தது, ஓய்வுக்குப் பிறகும் போகவில்லை. அப்படிக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ஏன் இந்தத் தலைப்பு? நம் பேஸ்மென்டில் ஒரு சுற்று நடந்து பாருங்கள். பதினைந்து வருடம் கடந்த கார்கள் எத்தனை நிற்கின்றன! பெரும்பாலும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்களின் வண்டிகள். வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். இன்ஜின் நன்றாக இருக்கும், பாடி நன்றாக இருக்கும். ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரில் "டக்" என்று சத்தம் வரும். வொர்க்‌ஷாப்பில் விட்டால், "முன்னாடி ரெண்டு ஸ்ட்ரட்டும் போச்சு, இந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவதில்லை, பேசாமல் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நல்ல வண்டியை விற்றவர்கள் நம் நடுவிலேயே இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், "ஓடுகிற வரை ஓடட்டும்" என்று ஆயில் வடியும் ஸ்ட்ரட்டோடு நெடுஞ்சாலையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். முன்னது பணத்துக்கு நஷ்டம், பின்னது உயிருக்கு ஆபத்து. இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஸ்ட்ரட் என்றால் என்ன?

அம்பாசடரிலும் பிரீமியர் பத்மினியிலும் முன் சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று பிடித்திருக்கும். மாருதி 800 வந்தபோது அந்த மேல் கை இல்லை. அதற்குப் பதிலாக ஓர் உயரமான குழாய், அதைச் சுற்றி ஒரு காயில் ஸ்பிரிங், குழாய்க்குள்ளேயே ஷாக் அப்சார்பர். இதற்குப் பெயர் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபெர்சன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் இதை உருவாக்கினார். ஜெனரல் மோட்டார்ஸில் ஒரு சிறிய காருக்காக வேலை செய்துகொண்டிருந்தார். அந்தக் கார் திட்டம் கைவிடப்பட, ஃபோர்டுக்குப் போனார். 1947இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1953இல் கிடைத்தது. அதற்குள் 1950இல் இங்கிலாந்தில் ஃபோர்டு கன்சல், ஜெஃபிர் கார்களிலேயே இந்த அமைப்பு வந்துவிட்டது. நம் நாட்டில் வீட்டுக்கு வீடு கொண்டுவந்து சேர்த்தது, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800தான்.

இந்த அமைப்பு மலிவு, எடை குறைவு, இடத்தையும் அடைக்காது. ஆனால் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. பழைய அமைப்பில் ஷாக் அப்சார்பர் கெட்டுப் போனாலும் சக்கரத்தைப் பிடித்திருப்பது வேறு பாகம். ஸ்ட்ரட்டில் அப்படி இல்லை. சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பதும், வண்டியின் எடையைத் தாங்குவதும், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது கூடவே திரும்புவதும், ஆட்டத்தை அடக்குவதும் ஒரே ஆள். குடும்பத்தில் ஒருவர் சம்பாத்தியத்தில் நான்கு பேர் இருப்பது போல. அந்த ஒருவர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும்.

ஸ்பிரிங் வேறு, ஷாக் அப்சார்பர் வேறு என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆனால் அமுக்கிவிட்ட ஸ்பிரிங் ஒரு தடவையில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும். காரின் உடம்பு அப்படி ஆடும்போது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டத்தை உடனே அடக்குவது ஷாக் அப்சார்பர். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் போய்விடும். நல்ல ஷாக் அப்சார்பர் ஒரே ஆட்டத்தில் நிறுத்துவதைக் கெட்டுப்போனது மூன்று ஆட்டம் கழித்து நிறுத்தினால், அதற்குள் 50 மீட்டர் போயிருப்பீர்கள். அந்த 50 மீட்டரில் டயர் ஒரு கணம் ரோட்டை அழுத்தும், மறுகணம் லேசாகத் தொட்டுக்கொண்டு போகும். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ரோட்டைத் தொடாத டயரை வைத்து வண்டியை நிறுத்த முடியாது. ஸ்ட்ரட் சொகுசுச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

வெளிக்குழாய் ஒன்று. அதற்குள் இன்னொரு குழாய். உள்குழாயில் எண்ணெய். அந்த எண்ணெய்க்குள் ஒரு பிஸ்டன், அதில் நுண்ணிய வால்வுகள். பிஸ்டனோடு இணைந்த பளபளப்பான குரோம் தண்டு மேலே வெளியே வருகிறது. தண்டு வெளியே வரும் வாயில் ஒரு ரப்பர் சீல், அதற்குக் கீழே தண்டை நேராகப் பிடிக்கும் ஒரு புஷ். அவ்வளவுதான்.

சக்கரம் மேலே ஏறும்போது தண்டு உள்ளே போகும், எண்ணெய் வால்வு வழியாகச் சிரமப்பட்டு நுழையும். அந்தச் சிரமம்தான் ஆட்டத்தை அடக்குகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டம் எண்ணெயில் சூடாக மாறிப் போய்விடுகிறது. தண்டு உள்ளே போனால் அதன் அளவுக்கு எண்ணெய்க்கு இடம் வேண்டுமே? அந்த எண்ணெய் அடியில் உள்ள இன்னொரு வால்வு வழியாக இரண்டு குழாய்களுக்கும் நடுவே உள்ள இடத்துக்குப் போகும். அதனால் அங்கே மேல்பகுதியில் கொஞ்சம் காற்று இருந்தே ஆக வேண்டும். இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கெட்டுப் போவது எப்படி? பெரும்பாலும் சீல்தான் முதலில் போகும். ரப்பருக்கு வயதாகி இறுகிவிடும். அல்லது தண்டின் மேல் இருக்கும் தூசி உறை கிழிந்து, மண்ணும் மழைநீரும் தண்டில் படிந்து, குரோமில் ஊசி முனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள் ஒவ்வொரு முறை மேலும் கீழும் போகும்போது அரம் போலச் சீலை அரிக்கும். எண்ணெய் கசியும். எண்ணெய் குறைந்தால் பிஸ்டன் காற்றோடு சேர்ந்து அடிக்கும், நுரை வரும், ஆட்டம் அடங்காது. கடற்கரைப் பக்கம் இருக்கும் ஊர்களில் துரு சீக்கிரமாகவே வரும். அதிகம் ஓட்டாமல் மாதக் கணக்கில் நிறுத்தியே வைத்தாலும் சீல் கெடும். நம் கார்களில் பாதி அந்த ரகம்.

வீட்டு வாசலிலேயே பார்க்கக் கூடியவை

ஒன்று, ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்து சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். ஸ்ட்ரட் குழாயின் மேல்வாயில் லேசாகத் தூசி ஒட்டிய ஈரம் இருந்தால் பயப்பட வேண்டாம், கண்காணியுங்கள். குழாய் முழுக்க எண்ணெய் வழிந்து, கீழே வரை கறுத்து ஒட்டியிருந்தால் அது கசிவு.

இரண்டு, பானட்டின் ஒரு மூலையில் இரண்டு கையாலும் நன்றாக அமுக்கி விடுங்கள். ஒருமுறை எழும்பி அமர்ந்தால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் ஷாக் அப்சார்பர் போய்விட்டது. ஆனால் ஆடவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். துருப்பிடித்து இறுகிப் போனதும் ஆடாது.

மூன்று, டயரைக் கையால் தடவிப் பாருங்கள். ஒரே சீராகத் தேயாமல் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால், டயர் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

நான்கு, வண்டி நிற்கும்போது ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பட்டும், நீங்கள் பானட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல்முனையைக் கவனியுங்கள். "டொய்ங்" என்று ஸ்பிரிங் சிலிர்ப்பது போலச் சத்தம் வந்தால் மேலே உள்ள பேரிங் இறுகியிருக்கிறது. சத்தம் வந்தால் எல்லாமே ஸ்ட்ரட் இல்லை. பால் ஜாயின்ட், லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் பாரின் ரப்பர், எதுவாகவும் இருக்கலாம். சிறிய ரப்பர் புஷ் போனதற்கு இரண்டு ஸ்ட்ரட்டும் மாற்றிய பில்லை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ரட்டைக் கழற்றும் முன் மற்றதையெல்லாம் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

இரண்டு ரகம் உண்டு

இதுதான் இன்றைய பேச்சின் மையம். ஸ்ட்ரட்டில் பிரிக்கக்கூடியது, பிரிக்கக்கூடாதது என்று இரண்டு ரகம் உண்டு. தூசி உறையைத் தூக்கிவிட்டுக் குழாயின் மேல்வாயைப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே பெரிய வட்டமான நட், பக்கவாட்டில் மரை, ஸ்பேனர் மாட்ட வெட்டோ துளையோ இருந்தால் அது பிரிக்கக்கூடியது. குழாயின் உதட்டையே உள்பக்கம் மடித்து மூடியிருந்தால் அது பிரிக்கக்கூடாதது. ஒரே மாடலில்கூட வருடத்துக்கு வருடம், யார் தயாரித்தது என்பதைப் பொறுத்து மாறலாம். அதனால் "இந்தக் காருக்கு இப்படித்தான்" என்று யார் சொன்னாலும் கண்ணால் பார்த்த பிறகு நம்புங்கள்.

இரண்டு ரகத்துக்கும் எனக்குத் தெரிந்த உதாரணம் ஒவ்வொன்று உண்டு.

பிரிக்கக்கூடியதற்கு உதாரணம் என் சகலையின் ஸ்டாண்டர்ட் 2000. இளையவர்கள் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஹெரால்டு, கெஸல் கார்களைச் செய்த நம் சென்னை ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1985இல் கொண்டுவந்த பெரிய கார். வெளித்தோற்றம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அது 1977இல் ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கியது. ஆனால் உள்ளே வைத்தது பழைய 2 லிட்டர் இன்ஜின். சில வருடங்களிலேயே தயாரிப்பு நின்றது. ஆக, பார்ட்ஸ் கேட்டு ஷோரூமுக்குப் போக வழியில்லை. சகலையின் அப்பா 1987இல் வாங்கிய வண்டி அது. முன் ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் வழிந்தது. ஒரு வொர்க்‌ஷாப்பில், "எடைக்குப் போடுங்கள் சார், என்ன விலைக்குப் போகும் என்று விசாரித்துச் சொல்கிறேன்" என்றார்களாம். அவர் என்னைக் கூப்பிட்டார். நான் சொன்னது ஒன்றுதான்: "சகலை, பார்ட் கிடைக்காது என்பது வேறு, சரி செய்ய முடியாது என்பது வேறு. கழற்றி வைத்து உள்ளே பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்."

வயதான ஒரு மெக்கானிக் கிடைத்தார். பெரியவர் அவசரப்படவில்லை. அவர் வேலை செய்ததை இரண்டு நாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தோம். அதை வரிசையாகச் சொல்கிறேன், உங்கள் மெக்கானிக் இதில் எதை விடுகிறார் என்று நீங்கள் கவனிக்கலாம்.

வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினார், ஜாக்கியை மட்டும் நம்பவில்லை. பிரேக் காலிப்பரைக் கழற்றி ஹோஸில் தொங்கவிடாமல், கம்பி போட்டுக் கட்டினார். ஸ்ட்ரட் இறங்கியதும் இடது, வலது என்று பெயின்டால் குறி போட்டார். ஸ்பிரிங்கைக் கழற்ற இரண்டு பக்கமும் கம்ப்ரசர் மாட்டி, மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஸ்பிரிங்கின் பிடி முழுவதும் தளர்ந்த பிறகுதான் மேல் நட்டைத் தொட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். வீடியோ பார்த்துவிட்டு நம் பார்க்கிங்கிலேயே இதைச் செய்யலாம் என்று நினைக்கும் தம்பிகளுக்கு: தயவுசெய்து வேண்டாம். அந்த ஸ்பிரிங் ஓர் ஆளின் எடைக்கு மேல் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கம்ப்ரசர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் அது பாய்ந்து வரும். தாடை, கை, கண் எதுவும் தப்பாது.

பிறகு குழாயை வெளிப்புறம் டீசலில் கழுவித் துடைத்தார். ஒரு மணல் துகள்கூட உள்ளே போகக் கூடாது என்பதற்காக, பிரிக்கும் முன்பே சுத்தம். மேல்வாய் நட்டைத் திறந்து எண்ணெயை ஒரு பழைய டப்பாவில் ஊற்றினார். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக வந்தது, அதுவும் ஒன்றில் பாதி அளவுகூட இல்லை. பாகங்களைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணியில் வைத்தார். எங்கள் கேஷ் கவுன்டரில் நோட்டு அடுக்குவது போல அத்தனை ஒழுங்கு.

தண்டுகளைக் கண்ணாடிப் பலகையில் உருட்டிப் பார்த்தார். வளைந்திருந்தால் வெளிச்சம் தெரியும். இரண்டும் நேராக இருந்தன. ஆனால் இடது தண்டின் மேல்பகுதியில் துருப்புள்ளிகள். "சீல் மட்டும் மாற்றினா ஆறு மாசம்கூட வராது சார், இதைத் தேய்ச்சு மறுபடி ஹார்டு குரோம் பண்ணணும்" என்றார். அம்பத்தூர் பக்கம் அந்த வேலை செய்யும் பட்டறைக்கு அனுப்பினார். பழைய குரோமை எடுத்து, புதிதாகப் பூசி, பழைய அளவுக்கே கடைந்து மெருகேற்றித் தருகிறார்கள். அளவு கொஞ்சம் கூடினாலும் சீலில் இறுகும், குறைந்தாலும் கசியும்.

சீலுக்கு உள்விட்டம், வெளிவிட்டம், கனம் மூன்றையும் அளந்து வாங்கினார். சும்மா ஆயில் சீல் என்று கேட்டால் சுற்றும் தண்டுக்கான சீலைக் கொடுத்துவிடுவார்களாம். மேலும் கீழும் ஓடும் தண்டுக்கு, உள்ளே எண்ணெயைத் தடுக்க ஓர் உதடு, வெளியே தூசியைத் தடுக்க ஓர் உதடு என்று உள்ள சீல்தான் வேண்டும்.

கடைசியாக எண்ணெய். ஷாக் அப்சார்பருக்கென்று உள்ள மெல்லிய ஹைட்ராலிக் எண்ணெய், மேனுவலில் உள்ள அளவுக்கு மில்லிலிட்டர் கணக்கில் அளந்து ஊற்றினார். முன்பு காற்றுக்கு இடம் வேண்டும் என்று சொன்னேன் இல்லையா? விளிம்பு வரை ஊற்றிவிட்டால், தண்டு உள்ளே போகும்போது எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. எண்ணெயை அமுக்க முடியாது. ஸ்ட்ரட் கட்டை போல நின்றுவிடும் அல்லது சீல் பிய்ந்துகொண்டு வரும். இன்ஜின் ஆயிலை ஊற்றும் இடங்களும் உண்டு. முதல் நாள் வண்டி நன்றாக இறுகியது போலத் தோன்றும், குழிகளில் இடுப்பு ஒடியும். எண்ணெயின் கனத்தை வைத்துத்தான் வால்வின் துளைகளையே அளந்திருக்கிறார்கள்.

தண்டை நிமிர்த்தி வைத்து, முழு நீளத்துக்கும் பல தடவை இழுத்து அமுக்கி, உள்குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினார். இரு திசையிலும் ஒரே சீரான எதிர்ப்பு வந்த பிறகு நட்டை இறுக்கினார். மேலே ரப்பர் மவுன்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் பார்த்து, போனவற்றை மாற்றினார்.

சகலை வண்டி இன்றும் ஓடுகிறது. ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கி அமைதியாக உட்காருகிறது. அவர் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது அந்த வண்டியில்தான்.

சில பழைய கார்களில் இந்தக் குழாயே சக்கர அச்சோடு சேர்ந்த ஒரே பாகமாக இருக்கும். அவற்றில் ஒரிஜினல் குழாயைக் காப்பாற்றுவது ஆசைக்காக இல்லை, வேறு வழி இல்லாததால். சிலவற்றுக்கு உள்பாகம் முழுவதும் ஒரே கார்ட்ரிஜாகக் கிடைக்கும். பழைய உள்குழாயையும் எண்ணெயையும் எடுத்துவிட்டு அதைச் சொருகி நட்டைப் பூட்ட வேண்டியதுதான். கிடைத்தால் அது நல்ல வழி. சூடு வெளிக்குழாய்க்குப் போகவும் துரு பிடிக்காமல் இருக்கவும் இடைவெளியில் கொஞ்சம் எண்ணெய் விடுவார்கள்.

பிரிக்கக் கூடாதது

இரண்டாவது உதாரணம் என்னுடைய மாருதி 800. 2001 மாடல். அதில் இருந்தவை மேல்வாய் மடித்து மூடிய ரகம். ஓர் இடத்தில், "குழாயில் ஓட்டை போட்டு எண்ணெய் ஊற்றி வெல்டு வைத்துத் தருகிறேன், புதுசில் கால்வாசிதான் ஆகும்" என்றார்கள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரணம் சொல்கிறேன். முதலாவது, கசிந்தது சீல் வழியாக. சீலை மாற்றாமல் எண்ணெய் ஊற்றுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போல. இரண்டாவது, வெல்டிங் சூட்டில் உள்ளே உள்ள சீலும் எண்ணெயும் கருகும், குழாய் வளையவும் கூடும். அந்தக் குழாய்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. மூன்றாவது, கேஸ் நிரப்பிய ரகத்தில் உள்ளே நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும். அதில் டிரில் போடுவது போடுகிறவருக்கே ஆபத்து.

இந்த ரகத்துக்குச் சரியான வழி, பெயர் தெரிந்த கம்பெனியின் புது ஸ்ட்ரட்டை ஜோடியாக வாங்குவது. மாருதி 800 தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டாலும், நம் பக்கம் ஓசூர் உட்பட நாட்டில் பல இடங்களில் ஷாக் அப்சார்பர் தொழிற்சாலைகள் இருக்கின்றன. அதிகம் ஓடிய மாடல்களுக்குப் பொருள் கிடைக்கும். ஆனால் புது ஸ்ட்ரட் என்றால் எல்லாமே புதிது வேண்டும் என்பதில்லை. ஒரிஜினல் ஸ்பிரிங் உடையாமல், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் அதையே போடலாம். மேல் மவுன்ட், பேரிங் இரண்டையும் மட்டும் இந்தச் சமயத்திலேயே மாற்றிவிடுங்கள். பிறகு மாற்றினால் கழற்றிப் பூட்டும் கூலி மறுபடியும் முழுசாக ஆகும்.

கணக்குப் பிள்ளையின் கணக்கு

எவ்வளவு ஆகும் என்பதுதான் உங்கள் கேள்வி, தெரியும். தொகையைச் சொன்னால் இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மாறியிருக்கும். கணக்குப் போடும் முறையைச் சொல்கிறேன்.

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் பொருள்: சீல், எண்ணெய், குரோம் வேலை அல்லது புது ஸ்ட்ரட், மவுன்ட், பேரிங், தூசி உறை. இரண்டாவதில் கூலி: கழற்றிப் பூட்டுவது, பிரித்துச் செய்வது, வீல் அலைன்மென்ட். மூன்றாவதில் சும்மா விட்டால் ஆகும் செலவு: சீக்கிரம் தேயும் இரண்டு டயர், அடிபடும் பால் ஜாயின்ட், புஷ். மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. எழுதினால், ஸ்ட்ரட் வேலையைத் தள்ளிப்போடுவது சேமிப்பு இல்லை, வட்டி ஏறும் கடன் என்று தெரியும்.

பிறகு இன்னொரு கேள்வி: இந்த வண்டி இன்னும் எத்தனை வருடம் வேண்டும்? 15 வருடம் கடந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க, 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருடம் கடந்தவற்றுக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பதிவைப் புதுப்பித்தால் ஐந்து வருடத்துக்கு வரும். ஆகவே ஸ்ட்ரட் வேலையைப் புதுப்பிப்பதற்கு முன் எஸ்டிமேட் எடுங்கள். பாடியில் துரு ஏறி, ஸ்ட்ரட்டின் மேல்முனை பூட்டும் தகடே அரித்திருந்தால், ஸ்ட்ரட்டுக்குச் செலவு செய்வதில் அர்த்தம் இல்லை. அந்த வண்டிக்கு விடை கொடுக்க வேண்டியதுதான். தகடு நன்றாக இருந்தால், ஸ்ட்ரட்டுக்காக வண்டியை விற்பது செருப்பு வார் அறுந்ததற்குக் காலணியைக் குப்பையில் போடுவது போல.

பில்லில் நான்கு விஷயம் இருக்கட்டும்: இடது, வலது இரண்டுக்கும் செய்த வேலை தனித்தனியாக, போட்ட பொருளின் பெயரும் எண்ணும், பழைய பாகம் உங்களிடம் திரும்பி வந்தது, வேலைக்குப் பின் எடுத்த அலைன்மென்ட் ரிப்போர்ட். பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது சந்தேகத்தால் இல்லை. கேட்கிறவர் என்று தெரிந்தாலே வேலை கவனமாக நடக்கும்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

பி பிளாக் அம்மா ஒருவர் கேட்டார்: "ஒரு பக்கம்தான் கசிகிறது, அதை மட்டும் மாற்றினால் போதாதா?" போதாதும்மா. ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் திடீரென்று பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். செருப்பைப் போல இதுவும் ஜோடிதான்.

இளைஞர் ஒருவர் கேட்டார்: "அங்கிள், அலைன்மென்ட் கட்டாயமா?" கட்டாயம். ஸ்ட்ரட்டைக் கழற்றிப் பூட்டினால் சக்கரத்தின் கோணம் மாறக்கூடும். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரத்தைத் தின்றுவிடும். லோயர் ஆர்மைத் தொட்டிருந்தால், அதன் ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் எடை தாங்கி நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும்.

துணைத் தலைவர் கேட்டார்: "நம் வளாகத்தில் இதைக் குறைக்க ஏதாவது செய்யலாமா?" செய்யலாம். பேஸ்மென்ட் ரேம்ப் முடியும் இடத்தில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கர் மிகவும் செங்குத்து. தினமும் எல்லா வண்டியும் அதில் அடி வாங்குகிறது. அதைச் சரிவாக்க வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறேன். கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் அலுவலகத்தில் போடலாம். அதுவரை, தயவுசெய்து அதன் மேல் பிரேக்கை அழுத்தியபடியே ஏறாதீர்கள். பிரேக் போட்டதும் வண்டியின் முன்பக்கம் அமுங்கி, ஸ்ட்ரட் ஏற்கெனவே பாதி உள்ளே போயிருக்கும். மேட்டுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டுவிட்டு மெதுவாக ஏறுங்கள். செலவில்லாத சிகிச்சை இது.

இன்னொன்று: வடித்த எண்ணெயை யாரும் மழைநீர் வடிகாலில் ஊற்ற விடாதீர்கள். அது நேராக நம் மழைநீர் சேகரிப்புக் குழிக்குப் போகும், அங்கிருந்து நம் போர் தண்ணீருக்கு. டப்பாவில் பிடித்து வொர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.

நான் சொன்னதில் ஒன்றே ஒன்றை எடுத்துப் போவதானால் இதை எடுத்துப் போங்கள். "ஸ்ட்ரட் போச்சு" என்று யாராவது சொன்னால், "உள்ளே எது போச்சு? சீலா, தண்டா, மவுன்டா, பேரிங்கா? பிரிக்கிற ரகமா, மூடிய ரகமா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியை விடுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் பேஸ்மென்டில் டார்ச்சோடு இருப்பேன். மேல்வாயில் நட் இருக்கிறதா இல்லையா என்று சேர்ந்து பார்க்கலாம். கீழே குனிய முடியாதவர்கள் சொல்லுங்கள், நம் பிள்ளைகள் யாரையாவது குனியச் சொல்லலாம்.